மூன்று யூனிட்

இந்தப் பயணத்துக்குச் சீட்டு கிடையாது.
சீட்டு இல்லாததால் பயணப்படியும் கிடையாது.
போக வர இருபது ரூபாய்
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
என் கையிலிருந்து எட்டியப்பனுக்குப் போகிறது,
ஆறு வருடமாக.

எண்ணூர் பாலத்துக்குக் கீழே
சேற்றுக்குக் கொடுக்க மனமில்லாமல்
செருப்பைக் கரையிலேயே விட்டு,
கணக்கெடுக்கும் கருவியை நெஞ்சோடு அணைத்து
ஏறி உட்கார்ந்தால்
ஃபைபர் படகு ஒரு பக்கம் சாய்ந்து
என் எடையை எல்லோருக்கும் சொல்லிவிடும்.
எனக்கு நீச்சல் தெரியாது.
வேலைக்கான விண்ணப்பத்தில்
அதை யாரும் கேட்கவில்லை.

இன்று என்னோடு ஒரு கேஸ் சிலிண்டர்,
அதைக் காலால் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவன்,
கல்லூரி அட்டையின் நுனியைக் கடித்தபடி ஒரு பெண்,
மூடி சரியாகப் பொருந்தாத ஐஸ் பெட்டி.

எங்கள் பதிவேட்டில்தான் அது தீவு.
இருப்பவர்களுக்கு மேடு.
நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு மீட்டர்,
பகலிலும் எரியும் ஒரு தெருவிளக்கு.
எதிர்க்கரையில் அனல்மின் நிலையம்.
அங்கே ஒரு நிமிடத்தில் உண்டாவதை
இங்கே எல்லா வீடும் சேர்ந்து
இரண்டு மாதத்திலும் செலவழிப்பதில்லை.
நூறு யூனிட் வரை இலவசம்.
ஆக, இத்தனை தண்ணீரைக் கடந்துபோய்
நான் எழுதிவிட்டு வருவது
பெரும்பாலும் பூஜ்யம்.

நடு ஓடையில் எஞ்சின் நின்றது.
"வத்தம்" என்றார் எட்டியப்பன்.
அடியில் படிந்த சாம்பலில்
விசிறி மாட்டிக்கொண்டதாம்.
ஆளே முழுகுகிற ஆழம் இருந்த இடம் இது
என்றான் சிலிண்டர்க்காரன்.
ஆழம் இல்லை என்றதும்
எனக்குள் ஒரு நிம்மதி பரவியது.
அதற்கு வெட்கப்பட்டு
வேறு பக்கம் பார்த்தேன்.
கழியை ஊன்றித் தள்ளினார்.
வெளியே வந்த கழி
பாதிவரை சாம்பல் நிறம்.

இருபத்தாறாம் வீடு.
எட்டு மாதமாகப் பூட்டு.
மீட்டர் வெளிச்சுவரில் என்பதால்
எனக்கு அது தடையில்லை.
4312.
எழுதி எழுதி மனப்பாடமான எண்.
பார்க்காமலே அழுத்திவிட்டுப் பார்த்தேன்.

4315.

கண்ணாடியை முந்தானையால் துடைத்தேன்.
அப்போதும் 4315.
பக்கத்து வீட்டார் ஒயர் இழுத்திருந்தால்
மூன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.
பழைய ஃபேன் என்றால் நாற்பது மணி நேரம்.
பூட்டு அதே பூட்டுதான்,
சாவித் துவாரத்தைச் சுற்றி மட்டும் துரு கரைந்து
தேங்காய் எண்ணெய் வாசனை.

குறிப்பு என்ற இடத்தில் கருவி கேட்டது:
கதவு பூட்டு.
மீட்டர் பழுது.
ஆள் இல்லை.
சரியாக இயங்குகிறது.
ஒன்றை அழுத்தாவிட்டால்
அடுத்த வீட்டுக்குப் போகவிடாது.
வெயிலில் கொஞ்ச நேரம் நின்று
நான்காவதை அழுத்தினேன்.
வெளியே வந்த பில்லைக் கதவிடுக்கில் செருகினேன்.
செலுத்த வேண்டிய தொகை: 0.

திரும்பும்போது படகில் நான் மட்டும்.
கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"கஸ்தூரி வந்துச்சு மேடம்.
சனிக்கிழம ராத்திரி ஒம்போது மணிக்கு
நான்தான் கொண்டாந்து வுட்டேன்.
யாராண்டயும் பேசல.
ஃபேனப் போட்டுக்கினு தூங்கிச்சு.
திங்கக்கிழம மத்தியானம் ஒரு மணிக்கு வந்து
போதும்ணா, கூட்டினு போன்னுச்சு."

எங்கே என்று கேட்கவில்லை.
யாரிடமிருந்து என்றும் கேட்கவில்லை.
காசு வாங்கினீர்களா என்று கேட்டேன்,
அதுதான் வாயில் வந்தது.

"தூங்க வர்றவங்களாண்டயா?" என்றார்,
எஞ்சினைப் பார்த்தபடி.

சனி ஒன்பது, திங்கள் ஒன்று.
முந்தானைக்குள் விரல் மடக்கி எண்ணினேன்.
நாற்பது.

கரை தட்டியது.
செருப்பில் ஒன்று இருந்தது.
இன்னொன்றைத் தேடிக்கொண்டு
நாணல் ஓரமாக நடந்தேன்.